கை விறைக்குது, சுப்பவைசர் "விபத்து எங்கே?" என்கிறார் – டபிள்யூஎஸ்ஐபி கிளெய்ம் போடலாமா?

சுதா_ஸ்காபரோ

எல்லோருக்கும் வணக்கம். அம்மாவுக்காகக் கேட்கிறேன்: டபிள்யூஎஸ்ஐபியில், அதாவது கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் வேலையால் வரும் காயம், நோய்க்குக் காசு தரும் காப்புறுதிச் சபையில், கிளெய்ம் போடலாமா? ஸ்காபரோவில் பேக்கரிப் பொருட்கள் பக் பண்ணும் ஃபக்டரி ஒன்றில் ஆறு வருடத்துக்கு மேலாக வேலை செய்கிறார். ஏஜென்சி இல்லை, கொம்பனியின் நேரடி ஆள்தான். யூனியன் கிடையாது.

வேலை இதுதான். தட்டையாக வரும் அட்டையை மடித்துப் பெட்டியாக்கி, கேக் தட்டை உள்ளே தள்ளி, மூடியின் இரண்டு காதையும் பெருவிரல்களால் அழுத்திப் பூட்டி, பெட்டியைத் திருப்பி பெல்ட்டில் விட வேண்டும். அடுத்தது வந்து நிற்கும். போன வருடம் புது மெஷின் போட்டு லைனைக் கூட்டினார்கள். ஆட்களைக் கூட்டவில்லை.

இப்போது இரவில் நித்திரை இல்லை. கை விறைத்து எழும்பி, உதறி உதறிக் கட்டிலில் இருப்பார். தேத்தண்ணிக் கோப்பை இரண்டு தரம் கையிலிருந்து நழுவிவிட்டது. குடும்ப டொக்டர் நரம்புப் பரிசோதனைக்கு அனுப்பினார். இரண்டு கையிலும் கார்ப்பல் டனல் (மணிக்கட்டில் நரம்பு அமுக்கப்படும் வருத்தம்), வலது கையில் கடுமை என்று வந்திருக்கிறது.

சுப்பவைசரிடம் சொன்னதற்கு அவர் கேட்டது: "நீங்கள் விழவும் இல்லை, மெஷினில் கை போகவும் இல்லை. விபத்து எங்கே? சிக் லீவு எடுத்துக்கொண்டு ஈஐக்கு (மத்திய அரசின் வேலையின்மைக் காப்புறுதி) போடுங்கள்." அதோடு, "இது வேலையால் வந்தது இல்லை" என்று ஒரு கடிதத்தில் கையெழுத்தும் கேட்கிறார்களாம். அம்மாவுக்கு சலரோகமும் இருக்கிறது. கிளெய்ம் போட்டால் வேலை போய்விடும் என்று பயப்படுகிறார். என்ன செய்யலாம்?


குகன்_75

தங்கச்சி, கசப்பாகத்தான் இருக்கும், ஆனாலும் சொல்கிறேன். ஈஐ சிக்னெஸ், அதாவது ஈஐ தரும் சுகவீனக் காசு, எடுத்துவிட்டுப் பேசாமல் இருப்பது நல்லது. என் மச்சானின் தோள்பட்டைக் கிளெய்ம் இழுபட்டுக்கொண்டே போனது. கால் முறிந்தால் காசு வரும். இப்படி மெல்ல மெல்ல வந்த வருத்தத்துக்கு அவர்கள் ஆயிரம் கேள்வி கேட்பார்கள். சுகர் இருக்கிறது என்று தெரிந்தால் கோப்பை மூடிவிடுவார்கள்.


பழைய_ஸ்ரூவட்

குகன் தம்பி, மச்சானின் கதை உண்மையாக இருக்கலாம். ஆனால் அதைக் கேட்டு இந்தப் பிள்ளை கிளெய்ம் போடாமல் விட்டால் ஃபக்டரிக்காரனுக்குத்தான் இலாபம்.

சுதா, முதலாவது வேலை: அந்தக் கடிதத்தில் அம்மா கையெழுத்து வைக்கவே கூடாது. ஊழியர் கிளெய்ம் போடுவதைத் தடுக்கவோ, போட்டதைத் திரும்பப் பெற வைக்கவோ முதலாளி முயல்வது ஒன்ராறியோவில் சட்டவிரோதம். வேலையிடப் பாதுகாப்பு, காப்புறுதிச் சட்டத்தில் 22.1 என்று தனிப் பிரிவே இருக்கிறது. கடிதத்தின் பிரதி கிடைத்தால் பத்திரப்படுத்துங்கள். அது அவர்களுக்கு எதிரான சாட்சி.

இரண்டாவது, "விபத்து எங்கே" என்ற கேள்வி. 1997ஆம் ஆண்டுச் சட்டத்தில் விபத்து என்பதற்குக் கொடுத்த வரையறைக்குள்ளேயே, வேலையால் காலப்போக்கில் மெல்ல உருவாகும் இயலாமையும் அடங்கும். விழத் தேவையில்லை, இரத்தம் வரத் தேவையில்லை. சுப்பவைசருக்கு இது தெரியாமல் இருக்கலாம், மனிதவளப் பிரிவுக்குத் தெரியாமல் இருக்காது.

உண்மையான சிக்கல் வேறு. இந்த மாதிரி வருத்தத்துக்கு நாள் கிடையாது. கால் முறிந்தவருக்கு ஒரு திகதி, ஒரு மணித்தியாலம், பார்த்த ஆள் எல்லாம் இருக்கும். உங்கள் அம்மாவுக்கு அது ஒன்றும் இல்லை. ஆகவே நாங்கள்தான் ஒரு திகதியை உண்டாக்க வேண்டும். பொதுவாக டொக்டரிடம் முதலில் காட்டிய நாளையோ, நோய் உறுதியான நாளையோ எடுப்பார்கள். அந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் ஊழியர் தன் அறிக்கையை, அதாவது ஃபோம் 6ஐ, அனுப்ப வேண்டும். இன்றைக்கே எழுத்தில் சுப்பவைசருக்கு அறிவியுங்கள். ஒரு ஈமெயில் போதும்: "என் இரண்டு கையிலும் கார்ப்பல் டனல் இருப்பதாக டொக்டர் சொல்லியிருக்கிறார், பக்கிங் வேலையால் வந்தது என்று நினைக்கிறேன், ஃபோம் 7 அனுப்புங்கள்." ஃபோம் 7 முதலாளியின் அறிக்கை. விஷயம் தெரிந்து மூன்று வேலை நாளுக்குள் அவர்கள் அனுப்ப வேண்டும், பிரதியை அம்மாவுக்கும் கொடுக்க வேண்டும். அவர்கள் அனுப்பாவிட்டாலும் ஃபோம் 6 போனாலே கோப்பு திறந்துவிடும். அவர்களுக்காகக் காத்திருக்க வேண்டாம்.

காசு விஷயம். டபிள்யூஎஸ்ஐபி கையில் வரும் சம்பளத்தை வைத்துத்தான் கணக்குப் பார்க்கும். முன்னர் 90 சதவீதம் கொடுத்தார்கள், 1998இல் மாகாண முதல்வர் மைக் ஹாரிஸின் அரசு 85 ஆக இறக்கியது. (அந்த நேரம் நாங்கள் மாகாணச் சட்டசபை இருக்கும் குவீன்ஸ் பார்க்கில் பனியில் நின்று கத்தியது வேறு கதை.) அப்படி இறக்கியும், ஈஐ தரும் 55 சதவீதத்தை விடக் கூடுதல்தான். ஈஐ சிக்னெஸ் 26 கிழமையோடு முடியும், அதற்கு வரியும் உண்டு. பிசியோ, மணிக்கட்டுப் பட்டி, மருந்து எதற்கும் ஈஐ ஒரு சதம் தராது. டபிள்யூஎஸ்ஐபி தரும். வீட்டில் உலை எரிய வேண்டும் என்றால் ஈஐக்கும் விண்ணப்பித்து வையுங்கள், பிறகு டபிள்யூஎஸ்ஐபி காசு வந்தால் ஈஐ காசைத் திருப்பிக் கட்ட வேண்டி வரும். ஒன்றுக்குப் போட்டால் மற்றதற்குப் போட முடியாது என்பது கட்டுக்கதை.


பிசியோ_நிரோ

பழைய ஸ்ரூவட் அண்ணை சட்டத்தைச் சொல்லிவிட்டார், நான் கையைப் பற்றிச் சொல்கிறேன். நான் மார்க்கமில் பிசியோவாக வேலை செய்கிறேன். இப்படிக் கைகளோடு வருபவர்களில் எங்கள் அம்மாமார் நிறையப் பேர்.

மணிக்கட்டில் எலும்புக்கும் ஒரு தடித்த இழைப்பட்டிக்கும் இடையில் ஒடுக்கமான வழி. அதற்குள்ளே ஒன்பது தசைநாண்களும் ஒரு நரம்பும் போகின்றன. மணிக்கட்டை மடித்தபடி பெருவிரலால் விசையோடு அழுத்தும்போது உள்ளே அமுக்கம் ஏறும். அதையே நாள் முழுக்கச் செய்தால் தசைநாணைச் சுற்றியுள்ள உறை தடித்து, நரம்புக்கு இடம் இல்லாமல் போகும். பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரலில் பாதி, இவைதான் விறைக்கும். சின்னவிரல் தப்பிவிடும், அதன் நரம்பு வேறு வழியால் போகிறது.

சின்னவிரலை ஏன் சொல்கிறேன் என்றால், சலரோகக் கதைக்குப் பதில் அங்கேதான் இருக்கிறது. சலரோகத்தால் வரும் நரம்புப் பாதிப்பு வழக்கமாகக் கால் விரல்களில் தொடங்கி இரண்டு பக்கமும் மேலே ஏறும். அம்மாவின் நரம்புப் பரிசோதனை அறிக்கையை எடுத்துப் பாருங்கள். மணிக்கட்டின் நடு நரம்பு மட்டும் மந்தமாகி, சின்னவிரலுக்குப் போகும் நரம்பு நல்லபடி இருந்தால், "எல்லாம் சுகரால்தான்" என்ற வாதம் பலவீனமாகும். சலரோகம் உள்ளவர்களுக்குக் கார்ப்பல் டனல் வரும் வாய்ப்புக் கூட என்பது உண்மை, மறைக்கக் கூடாது. மறைத்தாலும் டொக்டரின் கோப்பிலிருந்து வெளியே வரும்.

டொக்டர் அனுப்ப வேண்டியது ஃபோம் 8. பிசியோ, கைரோபிரக்டர், நர்ஸ் பிரக்டிஷனரும் நிரப்பலாம். எங்கள் ஆட்கள் டொக்டரிடம் போய் "கை நோகுது" என்று மட்டும் சொல்லிவிட்டு வருவார்கள். டொக்டரும் "கை வலி" என்று எழுதுவார். என்ன வேலை என்று அவருக்குத் தெரியவே தெரியாது. சுதா, நீங்கள் இங்கே எழுதிய அந்த இரண்டாவது பந்தியை அப்படியே ஆங்கிலத்தில் எழுதி டொக்டரின் கையில் கொடுங்கள். நிமிடத்துக்கு எத்தனை பெட்டி, ஷிஃப்டுக்கு எத்தனை மணித்தியாலம், லைன் கூடிய பிறகு எத்தனை என்பதையும் சேருங்கள். லீவில் நின்ற நாட்களில் விறைப்புக் குறைந்ததா என்பதும் முக்கியம்.

பின்குறிப்பு: பெப்ரவரியின் கடைசி நாள், ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்வதால் வரும் இந்த மாதிரி வருத்தங்களுக்கான விழிப்புணர்வு நாள். 29ஆம் திகதி திரும்பத் திரும்ப வராத நாள் என்று தெரிந்தெடுத்தார்களாம்.


கடை_முதலாளி

எல்லோரும் முதலாளியைத் திட்டுகிறீர்கள், ஒரு முதலாளியும் கதைக்கட்டும். எனக்குச் சின்னக் கேட்டரிங். பிரீமியம் முழுக்க நான்தான் கட்டுகிறேன், ஊழியரிடம் ஒரு சதம் எடுக்க முடியாது. கிளெய்ம் கூடினால் பிரீமியம் ஏறும். வீட்டில் இடியப்பம் பிழிந்து, தேங்காய் துருவி, பேரப்பிள்ளையைத் தூக்கி வந்த கை நோவை என் தலையில் கட்டினால் நான் என்ன செய்வது? வேலையால் வந்தது என்று எப்படி நிரூபிப்பீர்கள்?


பழைய_ஸ்ரூவட்

//வேலையால் வந்தது என்று எப்படி நிரூபிப்பீர்கள்?//

நியாயமான கேள்வி. டபிள்யூஎஸ்ஐபியில் கிளெய்மைப் பார்க்கும் அதிகாரியும் இதையேதான் கேட்பார். வீட்டில் என்ன செய்வீர்கள், பின்னல் வேலை உண்டா, வேறு பகுதிநேர வேலை உண்டா என்று எல்லாம் கேட்பார். அதில் பிழை இல்லை. ஆனால் வேலைதான் ஒரே காரணம் என்று யாரும் காட்டத் தேவையில்லை. வேலை குறிப்பிடத்தக்க பங்கு வகித்ததா என்பதே அளவுகோல். சுகரும் இருக்கலாம், இடியப்பமும் இருக்கலாம், லைனும் இருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணித்தியாலம் பிழிவதையும், கிழமைக்கு 40 மணித்தியாலம் பெட்டி பூட்டுவதையும் ஒரே தராசில் வைக்க முடியுமா? இரண்டு பக்கச் சாட்சியும் ஏறக்குறைய சமமாக நின்றால், சந்தேகத்தின் பலன் ஊழியருக்கு. அது 119(2).

முதலாளிகள் பிரீமியம் கட்டுவதைப் பற்றி. அது தானம் இல்லை, பேரம். 1913இல் நீதிபதி வில்லியம் மெரடித் எழுதிய அறிக்கையில் இருந்து வந்தது, 1915இல் நடைமுறைக்கு வந்தது. ஊழியர் முதலாளிக்கு எதிராக வழக்குப் போடும் உரிமையை விட்டுக்கொடுத்தார், பதிலுக்கு யார் பிழை என்று பாராமல் காப்புறுதி. சுதாவின் அம்மா உங்கள் கடையில் வேலை செய்திருந்தாலும் உங்கள் மேல் வழக்குப் போட முடியாது. அந்தப் பாதுகாப்புக்குத்தான் பிரீமியம்.

உங்களுக்குப் பயன்படும் ஒன்றும் சொல்கிறேன். ஊழியருக்கு முன்பே இருந்த வருத்தம் ஒன்று குணமாவதை இழுத்தடித்தால், செலவில் ஒரு பங்கை உங்கள் கணக்கில் ஏற்றாமல் பொது நிதியில் போடும்படி நீங்கள் கேட்கலாம். பல சின்ன முதலாளிகள் இதைக் கேட்பதே இல்லை. கிளெய்மை எதிர்த்து அந்தப் பெண்ணோடு சண்டை பிடிப்பதை விட இது மலிவு.


லண்டன்_சிவா

இங்கே பிரித்தானியாவில் எங்களுக்குப் பட்டியல் முறை, நோய் என்றால் அது அரசின் பட்டியலில் இருக்க வேண்டும். வேலையால் வரும் காயம், நோய்க்கான இண்டஸ்ட்ரியல் இன்ஜுரீஸ் பெனிஃபிட்டில் கார்ப்பல் டனல் ஏ12 என்ற இலக்கத்தில் இருக்கிறது. ஆனால் எல்லா வேலைக்கும் இல்லை. அதிரும் கைக்கருவி பிடித்திருக்க வேண்டும். அல்லது மணிக்கட்டை மேலும் கீழும் மடிக்கும் வேலையைக் கிழமைக்கு 20 மணித்தியாலமாவது செய்திருக்க வேண்டும், நோய் தொடங்குவதற்கு முந்திய 24 மாதத்தில் 12 மாதம் அப்படிச் செய்திருக்க வேண்டும். திரும்பத் திரும்ப என்றால் 30 விநாடிக்கு ஒரு தரமாவது. அதற்கு மேலே, இயலாமை 14 சதவீதத்தைத் தொடாவிட்டால் காசு இல்லை. சொந்தத் தொழில் என்று பதிவு செய்து டெலிவரி ஓடுபவர்களுக்கு எதுவும் இல்லை. கனடாக்காரர் குறை சொல்ல முன்னம் இதைப் பாருங்கள் :)


மொன்றியல்_ரூபன்

பட்டியல் எப்போதும் கெட்டது இல்லை, சிவா அண்ணை. கியூபெக்கில் தசைநாண் அழற்சி, தசைநாண் உறை அழற்சி, பர்சைட்டிஸ் (மூட்டருகே உள்ள பையில் வரும் அழற்சி) இவை பட்டியலில் இருக்கின்றன. ஒரே அசைவை நீண்ட நேரம் திருப்பிச் செய்யும் வேலை என்று காட்டினால், வேலையால் வந்தது என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று காட்டும் பாரம் மற்றப் பக்கத்துக்கு. கார்ப்பல் டனல் அந்த வரியில் இல்லாததால் அதற்குத்தான் நாங்கள் மல்லுக்கட்டுவது. சர்வதேசத் தொழில் அமைப்பு 2010இல் திருத்திய பட்டியலில் கார்ப்பல் டனலும் இருக்கிறது. ஆனால் அது நாடுகளுக்கான வழிகாட்டி. அதைக் கொண்டுபோய் இங்கே காசு கேட்க முடியாது.


கோட்_எழுதும்_கோபி

ஒரு பக்கக் கேள்வி. நான் டவுன்ரவுனில் ஒரு மென்பொருள் கொம்பனியில். மவுஸ் பிடித்துப் பிடித்து முழங்கை வரை வலி. மனிதவளப் பிரிவில் "எங்களுக்கு டபிள்யூஎஸ்ஐபி கிடையாது" என்கிறார்கள். ஏமாற்றுகிறார்களா?


பழைய_ஸ்ரூவட்

இல்லை கோபி, உண்மையாக இருக்கலாம். ஒன்ராறியோவில் சில துறைகளுக்குக் காப்பீடு கட்டாயம் இல்லை: வங்கி, காப்புறுதிக் கொம்பனி, மென்பொருள் தயாரிப்பவர்கள், தனியார் டொக்டர் கிளினிக், தனியார் குழந்தைகள் காப்பகம், பயண முகவர், தலைமயிர் வெட்டும் கடை, பிரேதச் சேவை, செத்த மிருகத்தைப் பதப்படுத்தி அடைத்து வைப்பவர்கூட. நாள் முழுக்க விசைப்பலகை தட்டுகிற ஆட்கள் நிறைந்த இடங்கள்தான் வெளியே நிற்கின்றன என்பதைக் கவனியுங்கள். உங்களுக்கு இருப்பது கொம்பனியின் டிசபிலிட்டி காப்புறுதியும் ஈஐயும். ஆனால் 1915 பேரம் உங்களுக்குப் பொருந்தாது, ஆகவே கவனயீனம் என்று முதலாளிக்கு எதிராக வழக்குப் போடும் வழி திறந்திருக்கிறது. பொதுவாக இரண்டு வருடம்தான் அவகாசம், வக்கீலைப் பாருங்கள். அதற்கு முன் நல்ல மேசை, நல்ல மவுஸ் என்று எழுத்தில் கேளுங்கள்.

ஏஜென்சி ஆட்கள் யாராவது இதைப் படித்தால்: கிளெய்முக்கு உங்கள் முதலாளி ஏஜென்சிதான், வேலைத்தலம் இல்லை. கையில் காசாகச் சம்பளம் வாங்கினாலும், முதலாளி பிரீமியமே கட்டாவிட்டாலும், கட்டாயத் துறை என்றால் உங்களுக்குக் காப்பு உண்டு.


சுதா_ஸ்காபரோ

தகவலோடு வருகிறேன். எல்லாம் போட்டோம். ஃபோம் 7ஐக் கொம்பனி நேரத்துக்கு அனுப்பியது, ஆனால் "வேலையோடு தொடர்பில்லை, சலரோகம்" என்று ஒரு கடிதம் சேர்த்து. அதிகாரி தொலைபேசியில் மொழிபெயர்ப்பாளரை வைத்து நீண்ட நேரம் கதைத்தார். நிரோ அக்கா சொன்னபடி வேலையை எழுதிக் கொடுத்திருந்தது நல்லதாகப் போயிற்று, டொக்டரின் அறிக்கையில் அது வரிக்கு வரி வந்திருந்தது. சின்னவிரல் நரம்பும் அறிக்கையில் சரியாக இருந்தது.

முடிவு அரைவாசி. வலது கையை ஏற்றுக்கொண்டார்கள். இடது கையை மறுத்துவிட்டார்கள். வேலை முக்கியமாக வலது கையால் செய்யப்படுகிறது, ஆகவே இடது கையில் வந்தது வேலையால் அல்ல என்று எழுதியிருக்கிறார்கள். அதோடு கொம்பனி இப்போது லைட் டியூட்டி என்று லேபல் ஒட்டும் வேலை தருகிறது. அதுவும் பெருவிரலால் அழுத்துவதுதான்! அம்மா "நான் போகமாட்டேன்" என்கிறார்.


குகன்_75

அரைவாசி கிடைத்ததே பெரிய விஷயம். என் மச்சானுக்கு இதை அனுப்புகிறேன்.


பழைய_ஸ்ரூவட்

வலது கை கிடைத்தது நல்லது. இனி மெதுவாகக் கேளுங்கள்.

லைட் டியூட்டியை வாயால் மறுக்கவே வேண்டாம். பொருத்தமான வேலையை மறுத்தார் என்று பதிந்தால் காசு குறையும், நிற்கவும் கூடும். இந்த இடத்தில்தான் நிறையப் பேர் விழுகிறார்கள். வேலைக்குப் போக வேண்டும், முயன்று பார்க்க வேண்டும், நோகும் அசைவு எது என்று அன்றே எழுத்தில் கொடுக்க வேண்டும். டொக்டரிடம் செயல்திறன் படிவம் எடுத்து, "பெருவிரலால் விசையோடு அழுத்துதல் கூடாது, மணிக்கட்டை மடித்துத் திருப்பிச் செய்தல் கூடாது" என்று அசைவு அசைவாக எழுத வைத்துக் கொம்பனிக்குக் கொடுங்கள். "லைட் வேலை" என்று மட்டும் எழுதினால் அவர்கள் லேபல்தான் தருவார்கள். ஒத்துவராவிட்டால் கோப்பு அதிகாரியிடம் கேட்டு, வேலைக்குத் திரும்புதலைப் பார்க்கும் அவர்களின் ஆளை ஃபக்டரிக்கு வரச் சொல்லுங்கள்.

வேலை போய்விடுமா என்ற பயம்: 20 பேருக்கு மேல் உள்ள இடம், அம்மா ஒரு வருடத்துக்கு மேல் வேலை செய்தவர். அப்படியானவரை மறுபடி வேலையில் வைக்கும் கடமை முதலாளிக்குச் சட்டப்படி இருக்கிறது. காயத்திலிருந்து இரண்டு வருடம் வரைக்கும் அது நீளலாம்.

இடது கை. உங்கள் முதல் பதிவில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள்: மூடியின் இரண்டு காதையும் பெருவிரல்களால் அழுத்திப் பூட்டி. இரண்டு பெருவிரல்! அதிகாரி அதைப் பிடிக்கவில்லை. ஒரு பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து, அம்மாவை மெதுவாகச் செய்யச் சொல்லி, ஒவ்வொரு கட்டத்திலும் இடது கை என்ன செய்கிறது என்று எழுதுங்கள். கொம்பனியிடம் அந்த வேலையின் உடல் தேவை ஆய்வு (எந்த அசைவு, எவ்வளவு விசை என்று எழுதிய அறிக்கை) இருந்தால் அதைக் கேளுங்கள். மறுப்பை எதிர்க்க ஆறு மாதம் இருக்கிறது. வேலைக்குத் திரும்புவது பற்றிய முடிவை எதிர்ப்பதற்கு 30 நாள்தான், இரண்டையும் குழப்ப வேண்டாம். டபிள்யூஎஸ்ஐபிக்கு உள்ளே தோற்றாலும் வெளியே மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் இருக்கிறது.

இதையெல்லாம் தனியாகச் செய்யத் தேவையில்லை. யூனியன் இல்லாத ஊழியருக்கு ஒன்ராறியோ அரசின் ஊழியர் ஆலோசகர் அலுவலகம் இலவசமாக உதவும். ரொறன்ரோவில் காயப்பட்ட ஊழியருக்கென்றே ஒரு சமூகச் சட்ட கிளினிக் இருக்கிறது. ஊழியருக்கான தொழில்சார் சுகாதார கிளினிக்கில் டொக்டரும், வேலை அசைவுகளை ஆராய்பவரும் இருக்கிறார்கள், அதுவும் இலவசம். வரும் காசில் இத்தனை வீதம் என்று கேட்கும் ஆட்களிடம் அதற்கு முதல் போக வேண்டாம்.


பிசியோ_நிரோ

இரண்டு கையிலும் வந்தால் அது உடம்பு வருத்தம்தான் என்று ஒரு நினைப்பு அவர்களிடம் உண்டு. இரண்டு கையும் செய்யும் வேலை என்றால் இரண்டிலும் வரத்தான் செய்யும். ஒபரேஷன் பற்றி டொக்டர் கதைத்தால் இடது கையின் முடிவு வரும்வரை வலது கையைத் தள்ளிப்போட வேண்டாம். கடுமையான அமுக்கம் நீண்டால் பெருவிரல் அடித்தசை மெலிந்துபோகும், பிறகு திரும்ப வருவது கஷ்டம்.


கடை_முதலாளி

சுதா, பெட்டி மூடிக்கு ஒரு யோசனை. எங்கள் கேட்டரிங்கில் அழுத்திப் பூட்டும் மூடியை விட்டுவிட்டு, செருகி மடிக்கும் பெட்டிக்கு மாறினோம். விலை கொஞ்சம்தான் கூட. பெண்டுகள் கை நோகுது என்று சொல்வது குறைந்துவிட்டது. உங்கள் கொம்பனியின் பாதுகாப்புக் குழுவில் யாராவது இருந்தால் அவர் காதில் போடுங்கள். ஸ்ரூவட் அண்ணை, அந்தப் பொது நிதி விஷயத்தைத் தனிமடலில் விபரமாகச் சொல்ல முடியுமா?


சுதா_ஸ்காபரோ

நன்றி எல்லோருக்கும். அம்மா திங்கட்கிழமை லேபல் வேலைக்குப் போகிறார், செயல்திறன் படிவத்தையும் கொண்டு. பெட்டி ஒன்று சமையலறை மேசையில் இருக்கிறது, இன்று இரவு எழுதத் தொடங்குகிறோம். ஊழியர் ஆலோசகர் அலுவலகத்தில் திகதி கிடைத்ததும் வந்து சொல்கிறேன்.